பருந்தின் வாலும் சிரட்டைத் தண்ணீரும்

ஒரு காட்டில், மலை இறங்கி வந்து காலை நீட்டிக்கொள்கிற இடத்தில், ஒரு குட்டை இருந்தது. பெரிய குட்டை இல்லை, பிள்ளைகளே. ஒரு யானை வந்து படுத்துக்கொண்டால் குட்டை எங்கே என்று தேட வேண்டும். அதில் குளத்தாயி என்று ஒரு தவளை குடியிருந்தாள்.

குளத்தாயி தலைச்சன் பிள்ளைக்காரி. அந்த வருடம்தான் முதன்முதலாக முட்டையிட்டிருந்தாள். முட்டைகள் பொரிந்து, மிளகை அள்ளித் தண்ணீரில் போட்டதுபோலத் தலைப்பிரட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாலைத் தவிர அவற்றுக்கு ஒன்றும் இல்லை. கால் முளைத்துவிட்டால் தத்தித் தத்தி எங்கே வேண்டுமானாலும் பிழைக்கப் போய்விடலாம். கால் முளைக்கிற வரைக்கும் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர்தான் இல்லை. கோடைமழை வருகிறேன் வருகிறேன் என்று மேலே உருட்டிக் காட்டிவிட்டு, வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டது. குட்டை ஓரத்துச் சேறு காய்ந்து அப்பளம் அப்பளமாக எழும்பிக்கொண்டது. மற்றத் தவளைகள் எல்லாம் மலைக்குப் பின்னால் இருக்கிற சுனைக்கு மூட்டை கட்டிவிட்டன. அந்தச் சுனை எந்தக் கோடையிலும் வற்றாது. குளத்தாயியும் நினைத்திருந்தால் போயிருக்கலாம். பிள்ளைகளை எதில் வைத்துக் கொண்டுபோவது?

அவள் தேடித் தேடி ஒரு சிரட்டையைக் கண்டுபிடித்தாள். காட்டு ஓரத்துக் கோவிலில் யாரோ தேங்காய் உடைத்துவிட்டுப் போட்டது. உருட்டிக்கொண்டு வந்து கழுவி வைத்தாள். பிள்ளைகள் எல்லாரையும் அதில் அடக்கிவிடலாம். தூக்கிப் போகத்தான் ஆள் வேண்டும்.

குட்டைக்கு மேலே நின்ற மருதமரத்தில் வெயிலான் என்று ஒரு பருந்து, பெண்டாட்டி குஞ்சுகளோடு இருந்தான். அவனைப்போல் பறக்கிறவன் அந்தக் காட்டில் கிடையாது. இதை அவனே சொல்வான். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் ஒரு இறக்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வான்.

குளத்தாயி மரத்தடிக்கு வந்து நின்றாள். கிட்டே போகவில்லை. ஒரு தாவலில் புதருக்குள் புகுந்துகொள்கிற தூரத்தில் நின்றாள்.

"அண்ணே, ஒரு உதவி. என் பிள்ளைகளைச் சுனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்."

வெயிலான் இறக்கையை விரித்தான். "தவளை பருந்திடம் உதவி கேட்கிறது. நான் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா?"

"என்னைத் தின்றால் உங்களுக்கு ஒரு வாய். அதுவும் வழுக்கிக்கொண்டு போகிற வாய்" என்றாள் குளத்தாயி. "மழை பிடித்ததும் கால் முளைத்துத் திரும்பி வந்து இந்தக் குட்டையில் கொசுவைத் தின்ன என் பிள்ளைகளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அப்புறம் கொசுவெல்லாம் எங்கே வரும்? மேலேதான் வரும். உங்கள் குஞ்சுகளுக்கு இன்னும் இறகு மூடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்."

வெயிலான் யோசிக்க ஆரம்பித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் கூட்டிலிருந்து அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள், போய்விட்டு வாருங்கள், இங்கே இருந்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று. பேச்சு முடிந்தது.

சுனைக்குப் போகிற வழி ஒன்றுதான். முதலில் புல்வெளி. அதைத் தாண்டினால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு இடுக்கு. மலைக்கு மேலே ஏறிப் போகலாம் என்றால், அங்கே அடிக்கிற காற்று சுமை தூக்குகிறவனைத் தலையில் தட்டிக் கீழே இறக்கிவிடும். இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். அது பாதி தூரம் நேராகப் போய், வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் காட்டில் முடக்கு என்பார்கள். முடக்கைத் தாண்டினால் சுனை.

சிரட்டையை எப்படித் தூக்குவது? கொடியில் கட்டித் தொங்கவிடலாம் என்று வெயிலான் சொன்னான். தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சிரட்டை தொட்டில் மாதிரி ஆடி, இருந்த தண்ணீரையெல்லாம் குளத்தாயி முகத்திலேயே ஊற்றியது. வயிற்றோடு வைத்து இறுக்கிக் கட்டினால்தான் ஆடாது என்று முடிவாயிற்று. கட்டுவதற்குத் தூக்கணாங்குருவி சடைச்சியைக் கூப்பிட்டார்கள்.

சடைச்சிக்கு இரண்டு நார் கண்ணில் பட்டால் போதும், முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. கற்றாழை நாரோடு வந்து இறங்கினாள். சிரட்டையை வெயிலான் கால்களுக்கு நடுவே வைத்து, வயிற்றோடு சேர்த்து முன்பக்கம் ஒரு கட்டுக் கட்டினாள். தவளை தலையை நீட்டிக்கொள்ள முன்னால் கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு பின்பக்கம் போய் நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, வாலையும் சேர்த்துக் கட்டினால்தான் பின்பக்கம் நிற்கும்."

வெயிலானுக்குக் கவட்டையாகப் பிளந்த நல்ல வால். "தாராளமாகக் கட்டு" என்றான். "வால் சும்மா அழகுக்கு. பறக்கிறது இறக்கைதான்."

சடைச்சி கட்டினாள். வால் சிரட்டையோடு ஒட்டி விறைத்து நின்றது.

பிள்ளைகளை ஏற்றலாமா என்று வெயிலான் கேட்டான். குளத்தாயி மாட்டேன் என்றுவிட்டாள். என் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் ஒத்திகை பார்க்க வேண்டாம், முதலில் வெறும் தண்ணீரோடு போய் வருவோம், நானும் உள்ளே உட்கார்ந்து வருகிறேன் என்றாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள்.

சிரட்டை நிறையத் தண்ணீர். அதற்குள் குளத்தாயி. வெயிலான் கரைப் பாறையிலிருந்து காற்றில் இறங்கினான்.

நேராகப் போகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புல்வெளி கீழே ஓடியது. இடுக்கிற்குள் நுழைந்தார்கள். முடக்கு வந்தது. வெயிலான் இடது இறக்கையைத் தாழ்த்தி வலது இறக்கையை உயர்த்தினான்.

இடப்பக்கம் திரும்ப வேண்டிய அலகு, எதையோ மறந்துவிட்டவன்போல முதலில் வலப்பக்கம் போயிற்று. உடம்பு மட்டும் சாய்ந்த பக்கமாகக் கீழே வழுக்கியது. தண்ணீர் மொத்தமாக இடப்பக்கம் வந்து குவிந்தது. குளத்தாயியும் சறுக்கிக்கொண்டு வந்து இடது முழங்கையை விளிம்பில் இடித்துக்கொண்டாள். பாதித் தண்ணீர் பாறையில் விழுந்து ஆவியாகிப்போனது. அதற்கப்புறம்தான் அலகு மனசு மாறி இடப்பக்கம் வந்தது. எப்படியோ முடக்கைத் தாண்டி, சுனையை ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தார்கள்.

சடைச்சி முடிச்சைத்தான் முதலில் பார்த்தாள். அது அசையவே இல்லை என்பதில் அவளுக்குப் பரம திருப்தி.

"பாதித் தண்ணீர் போய்விட்டது" என்றாள் குளத்தாயி.

"என் கட்டினாலே போகவில்லை மதினி" என்றாள் சடைச்சி.

வெயிலானுக்கு முகம் சரியில்லை. இதே முடக்கில் தினமும் போய் வருகிறவன் அவன். இன்றைக்கு என்னவோ பிறத்தியார் உடம்பில் ஏறிக்கொண்டு பறந்ததுபோல் இருந்தது என்றான். சுமை பழகவில்லை, அவ்வளவுதான் என்றும் சொல்லிக்கொண்டான்.

குளத்தாயி முழங்கையைத் தடவிக்கொண்டே, சுமையைக் குறை சொல்ல வேண்டாம் என்றாள். "நீங்கள் சாய்ந்தீர்கள். சாய்த்தால் சிந்தும். இது கால் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சாயாமல் எந்தப் பறவை திரும்பும்?"

"மீன் திரும்புகிறதே. சாய்ந்தா திரும்புகிறது? வாலை ஒரு வெட்டு வெட்டினால் தலை தானாகத் திரும்புகிறது. என் பிள்ளைகளும் அப்படித்தான். உங்களுக்கும் வால் இருக்கிறதே அண்ணே, சும்மாதானே கிடக்கிறது."

அவள் தண்ணீரில் பிறந்து தண்ணீரில் வளர்ந்தவள். திரும்புவது என்றால் அவளுக்கு மீன் திரும்புவதுதான். வெயிலானுக்கு இது ஏற்கவில்லை. ஆனால் சிந்தியது உண்மை. சிந்தவிட்டவன் எதிர்த்துப் பேசினால் எடுபடாது. சரி, இறக்கையைப் பலகை மாதிரி வைத்துக்கொள்கிறேன், வாலை மட்டும் அவிழ்த்துவிடு என்று சடைச்சியிடம் சொன்னான்.

சடைச்சி இரண்டடி பின்னால் போய்விட்டாள். "போட்ட முடிச்சை அவிழ்க்கிற வழக்கம் எங்கள் வகையில் இல்லை, அண்ணாச்சி."

வழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி இரண்டு பேரும் மன்றாட வேண்டியதாயிற்று. கடைசியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலேயே கொத்தி அவிழ்த்தாள். சிரட்டை பின்பக்கம் நிற்பதற்காக அந்த நாரைத் தொடையோடு சுற்றி வேறு இடத்தில் முடிந்துகொண்டாள்.

மறுபடி தண்ணீர், மறுபடி குளத்தாயி, மறுபடி இடுக்கு. போகும்போதே அவள் மூன்று தடவை சொல்லிவிட்டாள், சாயாதீர்கள், சாயாதீர்கள் என்று. முடக்கு வந்ததும் வெயிலான் இறக்கைகளை மட்டமாக நிறுத்திக்கொண்டு, கவட்டை வாலை முறுக்கி இடப்பக்கம் அழுத்தினான்.

அலகு சொன்ன பேச்சுக் கேட்டு உடனே இடப்பக்கம் திரும்பியது. உடம்புதான் திரும்பவில்லை. முகம் ஒரு பக்கம் பார்க்க, உடம்பு பழையபடி நேராகவே, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிரே முடக்கின் வலப்பக்கப் பாறைச் சுவர்.

தண்ணீர் இந்தத் தடவை வலப்பக்கம் எகிறியது. குளத்தாயியும் அதோடு எகிறினாள். வலது முழங்கை விளிம்பில் மோதி, உடம்பு வெளியே போய், ஒரு கையால் மட்டும் தொற்றிக்கொண்டு நின்றாள். வெயிலானின் இறக்கை நுனி பாறையை உரசியது. ஒரு நீண்ட இறகு பிய்ந்து சுழன்று கீழே போனது. அதற்குமேல் அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை. சடாரென்று சாய்ந்து, குட்டிக்கரணம் போட்டதுபோல விழுந்து எழுந்து, எப்படியோ சுவரிலிருந்து விலகி வந்துவிட்டான். சிரட்டையில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

குட்டைக்குத் திரும்பினதும், கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு நேராக மருதமரத்து உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். இனிமேல் வரமாட்டேன் என்றான். பாறையில் மோதிச் சாகிற பருந்தை ஊர் சிரிக்கும் என்றான். "குஞ்சுகளைக் கொசு கடித்தால் கடிக்கட்டும். அவற்றுக்கு அப்பன் இருந்தால் போதும்."

சடைச்சி நாரைச் சுருட்டி வைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாதபோது அவள் எதையாவது சுருட்டுவாள்.

குளத்தாயி குட்டைக்கு இறங்கினாள். அவள் போய் வந்த நேரத்துக்குள் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குட்டை என்று சொல்வதற்கு இப்போது அங்கே ஒன்றுமில்லை. நடுவில் எப்போதோ ஒரு காட்டெருமை மிதித்த குளம்படிப் பள்ளம். அதில் கொஞ்சம் சூடான தண்ணீர். பிள்ளைகள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓரத்தில் கிடந்தவை சேற்றை வாலால் அடித்துக்கொண்டிருந்தன. பொழுது சாயும்வரை தாங்காது. அவளுக்குத் தெரிந்தது.

அவள் அழுதாளா என்று சொல்ல முடியாது. தவளைக்கு எப்போதும் முகம் ஈரமாகத்தான் இருக்கும்.

வாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஓரத்துப் பிள்ளைகள்மேல் விட்டாள். இடது கையை ஊன்றினால் வலித்தது. வலது கைக்கு மாற்றினாள். அதுவும் வலித்தது. அவள் அப்படியே நின்றாள். இடது முழங்கையைப் பார்த்தாள். வலது முழங்கையைப் பார்த்தாள். முதல் தடவை இது. இரண்டாம் தடவை அது.

பிறகு ஏறி மரத்தடிக்கு வந்தாள். இந்தத் தடவை புதர் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. மரத்துக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"அண்ணே, சாயாதே என்று சொன்னது என் தப்பு."

வெயிலான் கீழே எட்டிப் பார்த்தான்.

"முதல் தடவை இறக்கை மட்டும் திரும்பியது. வால் கட்டிக்கிடந்தது. நான் உள்பக்கம் சறுக்கினேன். இரண்டாம் தடவை வால் மட்டும் திரும்பியது. இறக்கையை நான் கட்டிப்போட்டேன். வெளிப்பக்கம் சறுக்கினேன். இரண்டும் சேர்ந்து திரும்பினால் நான் எந்தப் பக்கம் போவேன்?"

வெயிலான் இறக்கையை விரிக்க மறந்துவிட்டான்.

"எந்தப் பக்கமும் போகமாட்டாய்" என்றான்.

அப்போதுதான் கூட்டிலிருந்து அவன் பெண்டாட்டி பேசினாள். இது என்ன புதுசாகக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் தினமும் கூட்டுக்கு வரும்போது வாலை இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டுதான் வருகிறார், இறக்கை சாயும்போதெல்லாம் வாலும் கூடவே போகிறது, இங்கே உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரிகிறது, பறக்கிறவருக்குத் தெரியவில்லையா என்றாள்.

வெயிலான் திரும்பித் தன் வாலைப் பார்த்தான். ரொம்ப நாள் கூடவே இருந்தும் பேசிப் பழகாத பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அது தானாக நடக்கும்போது நடக்கும்" என்றான் கடைசியில். "இப்போது நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். வயிற்றில் சிரட்டை. எவ்வளவு வால் கொடுப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்கிறேன். நான் எந்தப் பக்கம் சறுக்குகிறேனோ அந்தப் பக்கம் வாலைக் கொடுங்கள். சறுக்கவில்லை என்றால் பேசமாட்டேன்."

"நீ பேசாமல் இருப்பதா" என்றாள் சடைச்சி.

வெயிலான் இறங்கி வந்தான். இன்னொரு தடவை வெறும் தண்ணீரோடு போய்ப் பார்த்துவிடலாம் என்று அவன்தான் சொன்னான். அதற்குத் தண்ணீர் இல்லை. பள்ளத்தில் இருந்தது ஒரு சிரட்டைக்குத்தான் காணும், அதில் பிள்ளைகள் இருந்தன.

குளத்தாயி சிரட்டையைப் பள்ளத்தில் சரித்து வைத்து, பின்னாலிருந்து பிள்ளைகளை ஓட்டினாள். தண்ணீரும் பிள்ளைகளுமாக உள்ளே போயின. சேற்றில் ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டை வாயால் எடுத்து விட்டாள். சிரட்டை நிறைந்தது. பள்ளத்தில் வெறும் சேறுதான் மிச்சம். திரும்பி வந்தால் இறக்கிவிட இனி இடம் இல்லை.

சடைச்சி முன்பக்கம் கட்டினாள். பின்பக்கத்து நாரைத் தொடையோடு கட்டினாள். எல்லாம் முடிந்தும் போகாமல் வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலகு அரிக்கிறது மதினி" என்றாள்.

"அரிக்கட்டும்" என்றாள் குளத்தாயி.

வெயிலான் காற்றில் இறங்கினான். நேராக இடுக்கிற்குப் போகவில்லை. ஒத்திகை பார்க்க இருந்தது அந்தப் புல்வெளி ஒன்றுதான். அதற்குமேலே பாம்பு ஊர்கிற மாதிரி, மெதுவாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பிப் போனான்.

இடது இறக்கை தாழ்ந்தது. தண்ணீர் இடப்பக்கம் ஏறியது.

"இடது" என்றாள் குளத்தாயி.

வால் இடப்பக்கம் போயிற்று. தண்ணீர் நடுவுக்கு வந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் வலப்பக்கம் ஏற ஆரம்பித்தது.

"வலது. வால் கூடிப்போச்சு."

வால் தளர்ந்தது. தண்ணீர் நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பினான். இறக்கை முந்தியது, வால் பிந்தியது. பிள்ளைகள் ஒரு பக்கமாக வந்து விளிம்பை எட்டிப் பார்த்தன. ஒரு சொட்டு வழிந்தது. அதில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் குளத்தாயிக்கு உயிர் வந்தது. இறக்கை முதலில் எழுந்து வாலைத் தூக்கத்திலிருந்து எழுப்பக் கூடாது, இரண்டும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.

வெயிலானுக்கு அது பிடிபட்டது. சாயத் தொடங்கும்போதே வாலும் தொடங்க வேண்டும். சாய்ந்து நின்றுவிட்டால் வால் தளர வேண்டும். சாய்ந்தது நிமிரும்போது வாலும் மறுபக்கம் கூடவே நிமிர வேண்டும். இறக்கை எவ்வளவோ வாலும் அதற்கேற்ப. புல்வெளி முடியப்போகிற இடத்தில் குளத்தாயி "இடது" என்று ஒரு தடவைதான் சொன்னாள். அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டாள், அதற்குள் தண்ணீர் நடுவுக்கு வந்துவிட்டதால்.

இடுக்கு வாய் திறந்து நின்றது. உள்ளே போனதும் வெயில் நின்றுபோய்க் குளிர்ந்த காற்று அடித்தது. இரண்டு பக்கமும் பாறை. எதிரே, தூரத்தில், வழியை அடைத்துக்கொண்டு பாறை. வெயிலானின் பிய்ந்த இறகு ஒரு விரிசலில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

குளத்தாயி கைகளை விரித்து, பிள்ளைகளுக்கு மேலே அணைபோட்டதுபோலக் குப்புறப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். எந்தப் பக்கம் சறுக்குகிறது என்று சொல்வதற்குக் கண் வேண்டாம், வயிறு போதும். அடிவயிற்றை ஈரச் சிரட்டையில் பதித்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் இடமா, வலமா?

வெயிலானும் காத்திருந்தான், அவள் குரலுக்காக. முடக்கு நெருங்கிற்று. இதுவரைக்கும் சாயாத அளவு சாய வேண்டிய இடம் அது. இடது இறக்கை கீழே போயிற்று, வலது மேலே போயிற்று, கூடவே, ஒரு இறகு முந்தாமல் பிந்தாமல், வால் இடப்பக்கம் முறுக்கியது. வலப்பக்கத்துச் சுவர் சாய்ந்து தலைக்குமேல் கூரைபோல வந்தது. இடப்பக்கத்துச் சுவர் கீழே போய்த் தரைபோலக் கிடந்தது. அவன் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டான். கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் விழுந்துவிட்டாளோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது. பார்க்க முடியாது. பார்த்தால் தலை திரும்பும், தலை திரும்பினால் எல்லாம் திரும்பும். பார்க்காமலே பறந்தான்.

சிரட்டைக்குள் குளத்தாயி இன்னும் காத்திருந்தாள். உடம்பு மட்டும் கொஞ்சம் கனத்தது, சோறு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததுபோல. அதைத் தவிர வேறொன்றுமில்லை. வயிற்றுக்குக் கீழே பிள்ளைகள் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அவள் விரலைக் கடித்துப் பார்த்தது. பிறகு கனமும் போயிற்று. இவ்வளவு நேரமாகியும் முடக்கு வரவில்லையே, இந்த அண்ணன் பயந்துகொண்டு திரும்பிப் போகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, முடக்கு இன்னும் வரவில்லையா?"

"கண்ணைத் திற" என்றான் வெயிலான்.

திறந்தாள். பாறை இல்லை. கீழே பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, மேகத்தைக் காட்டிக்கொண்டு, சுனை.

சிரட்டையை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் விளிம்போடு விளிம்பாக, குட்டையில் மொண்டு வைத்தபடியே இருந்தது.

சுனைக் கரையில் வெயிலான் பதமாக இறங்கினான். அவிழ்க்கச் சடைச்சி இல்லை. அவனே குனிந்து, அலகால் ஒவ்வொரு நாராக அறுத்தான். ஒரு முடிச்சு மட்டும் கடைசிவரை விடவில்லை, அவன் அதோடு பெரும்பாடு பட்டான். குளத்தாயி சிரட்டையைத் தோளால் முட்டி முட்டிக் கரைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு முழம் தூரத்துக்கு ஒரு தடவை நின்று உள்ளே பார்த்துக்கொண்டாள். தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும் கைகளை ஊன்றி, ஒரே மூச்சில் கவிழ்த்தாள்.

இவ்வளவு தூரம் வந்த தண்ணீர் மொத்தமும் அப்போதுதான் சிந்தியது, சுனைக்குள்ளே, பிள்ளைகளோடு.

நீதி: திரும்ப வேண்டிய இடத்தில் சேர்ந்தே திரும்புங்கள், தனித்துத் திரும்பினால் சுமப்பதெல்லாம் சிந்தும்.